லெந்து நாட்களில் வந்த கம்ப்யூட்டர்

சித்தூர்,
வியாழக்கிழமை, பிற்பகல்.

அன்பு மைத்துனன் கிளமென்டுக்கு,

உன் அக்காள் கணவன் இயேசுதாசன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் உன் அக்கா தபீதாளும் மகள் லீனாவும் சுகமாக இருக்கிறோம். திருப்பதியில் நீயும் உன் குடும்பமும் உன் கம்ப்யூட்டர் கடையும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ உன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் மட்டும் சுகமாக இல்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ யோசிக்கலாம். நீ போனை எடுப்பதில்லை. முதல் வாரம் போன் இரண்டு தடவை அடித்ததும் எடுத்தாய். இரண்டாம் வாரம் கடைப் பையன் எடுத்து நீ குளிக்கிறாய் என்றான். பிற்பகல் மூன்று மணிக்கு. இப்போது நான் அழைத்தால் ஒரு பெண் தெலுங்கில் நீ வேறு அழைப்பில் இருப்பதாகச் சொல்லுகிறாள். தபால்காரரிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஆகையால் கடிதம்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். பாகாலா ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, வண்டி கவிழ்ந்த பிறகு பேசுவதைவிட முன்னாலேயே தெரிவித்து வைப்பது பழக்கம். லீனா பெங்களூரில் விடுதியில் தங்கி, ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை செய்துவந்தாள். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சலோடு வந்தாள். உன் அக்கா திருப்பி அனுப்பவில்லை. லீனாவின் மேலதிகாரி பிரீத்தி என்கிற அம்மாள் நல்ல மனுஷி. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக் காட்டட்டும், படமும் குரலும் தடையில்லாமல் வந்தால் சித்தூரிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதை முடிவு செய்யும் மீட்டிங் நாளை வெள்ளிக்கிழமை. இதில் எனக்குத் தனிப்பட்ட விருப்பம் ஒன்றும் இல்லை. பிள்ளை எங்கே இருந்தாலும் சம்பளம் ஒன்றுதான். உன் அக்காதான் தாங்கமாட்டாள். அவளுக்காகவே எழுதுகிறேன்.

நீ காரிலிருந்து பெட்டியை இறக்கியபோது, "மாமா, இது ஓடாது, பறக்கும்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று மின்விசிறி. ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. நம் வீட்டு வழக்கப்படி போதகரை அழைத்து ஜெபம் செய்த பிறகே போட்டோம். மோட்டார் பம்புக்கும் அப்படித்தான் செய்தோம், அது இருபது வருஷம் ஓடியது. போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கையில் அவர் வெள்ளை அங்கியின்மேல் பச்சையும் சிவப்பும் ஓடியது. ஆமென் சொல்லிக் கண் திறந்தவர், "சாம்பல் புதன் தாண்டிடுச்சி இல்லீங்களா" என்று மட்டும் பொதுவாகக் கேட்டுவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டார்.

உன் அக்காவுக்கு அது போதும். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் தபசு. இந்த லெந்து நாட்களில் நம் சபையில் கல்யாணம் கிடையாது, பட்டுச்சேலை கிடையாது, பீடத்துக்கு ஊதா விரிப்பு, என் வீட்டில் கறி கிடையாது. இப்படிப்பட்ட நாட்களில் கூடத்தில் ஒரு பெட்டி ரிசப்ஷன் மண்டபம் மாதிரி மின்னினால் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளரான அவள் எந்த முகத்தோடு உபவாசக் கூட்டம் நடத்துவாள்? கோயில் பீடத்துக்கு எடுத்த ஊதா வெல்வெட்டில் மீதி இருந்தது. அன்றைக்கே தையல் மெஷினில் உட்கார்ந்து, பெட்டிக்கு மேலிருந்து கீழ்வரை நாலு பக்கமும் வருகிற மாதிரி, ஓரத்தில் குஞ்சம் வைத்து, முன்னால் சிலுவை போட்டு ஓர் உறை தைத்துவிட்டாள். வேலைப்பாடு அருமை. மேஜைக்குக் கீழே அது அடக்கமாக நின்றது. பார்த்தவர்கள் அதைக் காணிக்கைப் பெட்டி என்று நினைத்தார்கள். உபவாசக் கூட்டத்துக்கு வந்த ஒரு சகோதரி பத்து ரூபாய் போட இடம் தேடினாள்.

மறுநாள் முதல் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது.

காலையில் போட்டால் சற்று நேரம் நன்றாக ஓடும். மீட்டிங் ஆரம்பித்துச் சூடுபிடிக்கும்போது லீனாவின் படம் அப்படியே நின்றுவிடும், அதுவும் நல்ல இடத்தில் நிற்காது, கண் பாதி மூடி வாய் பாதி திறந்த இடத்தில்தான் நிற்கும். குரல் வந்தால் முழுதாக வராது, நொண்டி நொண்டி வரும். பிரீத்தி அம்மாள், "லீனா, இருக்கீங்களா? லீனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். உன் அக்கா சமையலறையிலிருந்து, "இருக்கா மேடம், இங்கதான் கீறா, எங்க போவப்போறா" என்று பதில் சொல்லுவாள். அது மட்டும் எப்படியோ தடையில்லாமல் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடும்.

உன் கடைப் பையன் கிரண்குமாருக்குப் போன் செய்தேன். நல்ல பையன், எப்போதும் எடுப்பான். "சார், டென்ஷன் படொத்து சார். ஒகசாரி ரீஸ்டார்ட் செய்யண்டி" என்றான், பதறாமல் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அர்த்தம். செய்தேன். ஓடியது, நின்றது. மறுபடி அழைத்தேன். "ராம் லூஸ் இருக்கும் சார். கழட்டி, ஸ்கூல் பிள்ளைங்க அழிக்கிற ரப்பர் இருக்குல்ல, அதப் போட்டுத் தேச்சி மறுபடி மாட்டுங்க, அந்தே, அவ்ளோதான்" என்றான். ராம் என்பது உள்ளே செருகியிருக்கும் பச்சைத் தகடு என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. முப்பத்தைந்து வருஷம் ரயிலை நிறுத்தியும் அனுப்பியும் பிழைத்தவன், தரையில் பாய்போட்டு உட்கார்ந்து, உறையைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, தகட்டைக் கழற்றி, பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் ரப்பர் வாங்கிவந்து தேய்த்தேன். திரும்ப மாட்டிப் போட்டதும் கம்ப்யூட்டர் அரைநாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. லீனா, "சூப்பர் நைனா" என்றாள். உன் அக்கா வந்து, தூசி படியப்போகிறது என்று உறையைப் போட்டாள். சாயங்காலம் நின்றுவிட்டது. ரப்பர் மட்டமான ரப்பர் என்று முடிவு செய்து வேறு கம்பெனி ரப்பர் வாங்கினேன்.

இதற்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கோவர்த்தனன் வந்தார். வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "இன்னா சார் இது, படிச்ச மனுஷன், அக்கினி மூலைல தண்ணிப் பானை வெச்சிக்கினு கம்ப்யூட்டர் ஓடலேன்னா எப்டி ஓடும்? வடகெழக்குல திருப்புங்க" என்றார். உன் அக்கா சமையலறைக் கதவில் நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் மேஜையைத் திருப்பிப்போடக்கூடாது என்று வேதத்தின் எந்த ஆகமத்திலும் இல்லை. காற்றோட்டத்துக்காகத் திருப்புகிறேன் என்று சொல்லித் திருப்பினேன். பெட்டியைத் தூக்க வாகாக உறையைக் கழற்றினோம். அன்று முழுவதும் பறந்தது. கோவர்த்தனன் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். இரவு உன் அக்கா உறையைப் போட்டாள். காலையில் பிரீத்தி அம்மாள், "லீனா, இருக்கீங்களா?" என்றாள். கோவர்த்தனன் வந்து, எங்கள் வீட்டு வடகிழக்கே கோணல் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவர் வழி மாறி நடக்கிறார்.

பிறகு கரண்ட் மேல் சந்தேகம் வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்கு மாட்டினேன். கம்ப்யூட்டர் பழையபடியே நின்றது. குளிர்சாதனப் பெட்டியும் நின்றது. லெந்து நாட்களானதால் உள்ளே கறி இல்லை, தயிர் மட்டும் போயிற்று. உன் அக்கா அந்தத் தயிர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவள் பாத்திரம் வைக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று கூடப் பிறந்த உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

அதன்பின் நான் கம்ப்யூட்டரையே கேட்டுத் தெரிந்துகொள்வது என்று தீர்மானித்து, லீனா சாப்பிடும் வேளைகளில் உட்கார்ந்து தேடினேன். கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடினால் என்ன செய்வது என்று கேட்டால் உலகம் முழுக்க அதற்குப் பதில் வைத்திருக்கிறது. வேகம் கூட்டும் புரோகிராம் ஒன்று இலவசமாகக் கிடைத்தது, ஏற்றினேன். குப்பை கூட்டும் புரோகிராம் ஒன்று, ஏற்றினேன். நீ ஏற்கெனவே ஒரு வைரஸ் காவல் வைத்திருந்தாய். ஒருவன் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு காவலையும் வைத்தேன். இவர்கள் எல்லாரும் சரியாக வேலை செய்கிறார்களா என்று பார்க்க ஒரு புரோகிராம் இருக்கிறது, அதையும் ஏற்றினேன். ஒவ்வொன்றும் அடிக்கடி மூலையில் எட்டிப் பார்த்து, உங்கள் கம்ப்யூட்டரைக் காப்பாற்றிவிட்டோம் என்று வாழ்த்துச் சொல்லும். இத்தனை பேர் உழைத்தும் வண்டி ஸ்டேஷனுக்குள் வராமல் அவுட்டர் சிக்னலிலேயே நிற்கிறதே என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

உண்மை வெளிப்பட்டது கம்ப்யூட்டரால் அல்ல, இட்லியால். இந்த லெந்து நாட்கள் முழுவதும் உன் அக்கா வார்க்கிற இட்லி பஞ்சு போல இருப்பதைக் கவனித்துவந்தேன். நேற்றுக் காலை மனம் விட்டுப் பாராட்டினேன்.

"இன்னா அரிசி மாத்தினியா?"

"அரிசி எல்லாம் அதேதான். மாவு நல்லாப் பொங்குது."

"பனி இன்னும் போகல, இந்தக் குளிர்ல எப்டிப் பொங்குது?"

"கம்ப்யூட்டர் பக்கத்துல வெச்சிடறேன். வெல்வெட்டுத் துணிய லேசாத் தூக்கி உள்ள சொருவிட்டா, மதியத்துக்குள்ள பொங்கி வழியுது. அடுப்பு மாதிரி இன்னா சூடு!"

நான் கையிலிருந்த இட்லியை வைத்துவிட்டேன். ரயில்வேயில் ஹாட் ஆக்சில் என்று ஒன்று உண்டு. அச்சு சூடேறி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புகையும். ஓடும் வண்டியின் புகையைத் தூரத்திலிருந்து பார்த்து நிறுத்தியதற்காக எனக்கு ஒருமுறை பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவன் என் சொந்தக் கூடத்தில், என் காலடியில், ஒரு ஹாட் ஆக்சிலை வெல்வெட் போர்த்தி வைத்துக்கொண்டு ரப்பர் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேஜைக்குக் கீழே கைவிட்டுப் பார்த்தேன். குஞ்சம் கூடச் சுட்டது. உள்ளே மாவுப் பாத்திரம் இருந்தது.

"கழட்டு" என்றேன்.

"தபசு நாள்ல கலர் லைட்டு போட்டுக்கினு ஆட சொல்றீங்களா?"

"இவ்ளோ நாளா நின்னுக்கினு கீறது இதனாலதான் தபீதா."

"நிக்கிறதுக்கு என் துணிதான் காரணமா? ரப்பர் வாங்கினது நானா? ஃப்ரிஜ்ஜ அணைச்சது நானா? கோயிலுக்கு எடுத்த துணி. அதப் போர்த்தி எந்தப் பொருளும் கெட்டது இல்ல."

லீனா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "அம்மா, நான் எத்தினி வாட்டி கழட்டினேன், நீதான் திருப்பித் திருப்பி மாட்டிக்கினே இருந்த" என்றாள். அதற்கு உன் அக்கா, "குளிரும்னு மாட்டினேன்" என்றாள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

கிரண்குமாரை அழைத்தேன். அவன் முழுவதும் கேட்டான். அவன் பக்கத்தில் யாரோ சிரிப்பது போல் கேட்டது. அது நீ என்று என் யூகம். பிறகு அவன், "சார், லைட்டுதான் பிராப்ளம் அண்டே, கலர் மாத்திக்கலாம் சார். மொத்தமும் ஒரே கலர் வைக்கலாம். எந்தக் கலர் காவாலி, எது வேணும்?" என்றான். இதை முதல் நாளே நீ எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். உன் அக்காவைக் கேட்டேன். இப்போது பெட்டி மூடாக்கு இல்லாமல், மூன்று விசிறியும் ஊதா நிறத்தில் அசையாமல் எரிய, பயபக்தியாக நிற்கிறது. பெரிய வெள்ளிக்கு முழுவதும் அணைத்துவிட வேண்டும், ஈஸ்டருக்கு வெள்ளை போட வேண்டும் என்று அவள் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். போதகர் வந்து பார்த்தார், டீ குடித்தார்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் அது நன்றிக் கடிதமாக இருந்திருக்கும். முடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் நிற்பது நின்றதே தவிர, நொண்டுவது நிற்கவில்லை. நேற்று மீட்டிங்கில் லீனா பேசியது பாதி வார்த்தை பாதி வார்த்தையாகவே போயிருக்கிறது. பிரீத்தி அம்மாள், "நாளை மறுநாள் பார்த்துடலாம் லீனா, இப்படியே இருந்தா நீங்க இங்க வர்றதுதான் நல்லது" என்று சொன்னது மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. உன் அக்கா அன்று மாவு அரைக்கவில்லை. லீனாவின் பெட்டி படுக்கை எல்லாம் எங்கே என்று என்னைக் கேட்டாள். அவை எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும், அவள்தான் பரண்மேல் மறைத்து வைத்தவள்.

ஆகவே என் முடிவு இது. இந்தக் கம்ப்யூட்டர் பிறவிக் கோளாறு. நீ சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகக் காரில் வந்து இதை எடுத்துக்கொண்டு போய், வேறொன்று, விளக்கில்லாததாக, கொண்டுவர வேண்டும். நாளைய மீட்டிங் எப்படியும் தோற்கப்போகிறது. புதிதாக ஒன்று வருகிறது என்று காட்டினால் பிரீத்தி அம்மாள் இன்னும் ஒரு வாரம் தருவாள். வராவிட்டால், உன் அக்கா மகள் பெங்களூர் விடுதியில் என்ன துன்னுவாளோ, யார் கவனிப்பார்களோ, அதற்கெல்லாம் நீயே பொறுப்பு. ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுப் பிரியாணிக்கு வரலாம் என்று எண்ணாதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உன் வியாபாரத்தை ஆண்டவர் விருத்தியாக்குவாராக; உன் போனையும் எடுக்க வைப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா,
க. இயேசுதாசன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மாலை. தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்ப வந்துவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இத்தனை பக்கத்தைத் திரும்ப எழுத முடியாது.

இன்று காலை லீனா மீட்டிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, நான் ஏற்றிவைத்த காவல்காரர்கள், குப்பை கூட்டுகிறவர்கள், வேகம் கூட்டுகிறவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராக வெளியேற்றினாள். "நைனா, நீ ஏத்தி வெச்ச ஆளுங்க ஒருத்தன ஒருத்தன் புடிச்சிக்கினு கீறானுங்க. அதான் இது நொண்டுது. உன் மேல தப்பில்ல, நீ நல்லதுக்குத்தான் பண்ண" என்றாள். ஆகையால் கோளாறு உன்னுடையது அல்ல. என்னுடையது என்றும் நான் எழுதப்போவதில்லை.

மீட்டிங் ஒரு விக்கல் இல்லாமல் நடந்தது. நாங்கள் இருவரும் சமையலறையில் மூச்சுவிடாமல் நின்றிருந்தோம். பிரீத்தி அம்மாள், இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, தாராளமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றாள். உன் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதன்பின் லீனா பேசினாள். இத்தனை நாள் அறுந்து அறுந்து கேட்ட குரல் இன்று ஓர் எழுத்து விடாமல் கேட்டது. வீட்டில் ரொம்ப நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் மேடம், ஒரு குறையும் இல்லை, அதனால்தான் கேட்கிறேன், நான் பெங்களூருக்கே வந்துவிடட்டுமா என்றாள்.

பிறகு எங்களிடம் வந்து, "அங்க யாரும் எனக்கு ஊட்டி விட மாட்டாங்கம்மா. பின்னால நின்னுக்கினு ஃபேன் சுத்துதான்னும் பாக்க மாட்டாங்க நைனா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஞாயிறு மத்தியான வண்டியில் போகிறாள். பரணிலிருந்து பெட்டியை நான்தான் இறக்கினேன்.

நீ கம்ப்யூட்டரை எடுத்துப்போக வர வேண்டாம். அது இங்கேயே இருக்கட்டும். தினமும் சாயங்காலம் அதில் வந்து பேசுவதாக லீனா சொல்லியிருக்கிறாள். ஈஸ்டர் பிரியாணிக்கு நீ குடும்பத்தோடு அவசியம் வந்துவிடு. சாப்பிட ஆள் குறைகிறது.

ஒரே ஒரு உதவி. தபீதாள் கேட்கச் சொன்னாள், எனக்காக அல்ல. லீனா பேசி முடித்து, "சரிம்மா, வெச்சிடட்டுமா" என்று கேட்கிற இடத்தில் மட்டும் படம் அப்படியே உறைந்து நிற்கும்படி செய்ய ஏதாவது வழி உண்டா? கிரண்குமாரைக் கேட்டுச் சொல். வெல்வெட் துணி எங்களிடம் இருக்கிறது.